வாதம் கண்ட கையும் மீண்டும் கற்கும்

வாதம் கண்டவரைப் படுக்கையில் கிடத்தி, எண்ணெய் தேய்த்து உருவிவிட்டு, "இனி ஆண்டவன் விட்ட வழி" என்று இருந்துவிடுவது தோட்டப்புறங்களில் நெடுநாளைய வழக்கம். அன்பினால் செய்யப்படும் இதுவே நோயாளியின் நடையைப் பறித்துவிடக்கூடும் என்பதை நாம் அறிதல் வேண்டும்.

வாதம் எதனால் வருகிறது?

மூளையின் இரத்தக் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ பக்கவாதம் உண்டாகிறது. பழுது மூளையில், கையிலோ காலிலோ அன்று. திடீரென வாய் கோணினாலும், கை தொய்ந்தாலும், பேச்சுக் குழறினாலும் உடனே 999 எண்ணை அழைத்தல் வேண்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டியிருப்பதால், உருவிப் பார்த்துக் காலம் கடத்தலாகாது.

பயிற்சி என்ன செய்கிறது?

மடிந்த மூளை அணுக்கள் மீண்டும் உயிர் பெறுவதில்லை. ஆயினும், மூளையின் ஏனைய பகுதிகள் அவற்றின் வேலையை ஓரளவு கற்றுக்கொள்ளும். புதிதாக மரம் சீவப் பழகுபவர் எத்தனை முறை வெட்டிய பின்னர் பட்டையின் ஆழத்தை அறிகிறார்! மூளையும் அவ்வாறே, ஒரே அசைவைப் பன்முறை செய்துதான் கற்கிறது. இதற்கு வழிகாட்டுவதே பிசியோதெராபி எனப்படும் உடலியக்கச் சிகிச்சை. அசைவின்றிக் கிடந்தாலோ தசை மெலியும், மூட்டு இறுகும், படுக்கைப் புண்ணும் உண்டாகும்.

வீட்டார் கவனத்திற்கு

1. தொய்ந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். தோள் மூட்டு விலகக்கூடும்.
2. படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள்.
3. மருத்துவர் அனுமதித்ததும் உட்கார, நிற்க, நடக்கத் துணை செய்யுங்கள்.
4. கற்றுத்தந்த பயிற்சியை நாள்தோறும் செய்விக்கவும். சட்டைப் பொத்தான் போடுவதும் பயிற்சியே. அவரால் இயன்றதை நீங்கள் செய்துவிடாதீர்கள்.

தீராத முதுகுவலி

காண்டாவில் பால்வாளி சுமந்தும், தாழ்ந்த வெட்டுக்குக் குனிந்தும் உழைப்பவர்களை முதுகுவலி வாட்டுகிறது. மூன்று மாதத்திற்கு மேல் நீடிக்கும் வலியில், புண் ஆறிய பின்னரும் நரம்புகள் வலியை உணர்த்திக்கொண்டே இருப்பதுண்டு. ஆகவே, வலிக்கும்போதெல்லாம் உடல் கெடுகிறது என்று அஞ்சிப் படுத்துவிடலாகாது. இன்று ஐந்து நிமிடம், அடுத்த வாரம் பத்து நிமிடம் என நடையைச் சிறுகச் சிறுகக் கூட்டுதல் நலம். ஆனால், கால் வலுவிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, சிறுநீர் அடைபட்டாலோ, தன்னையறியாமல் கழிந்தாலோ உடனே மருத்துவமனை செல்க.

எங்கே செல்வது?

ஜார்ஜ் டவுனில் 1882ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பினாங்கு பொது மருத்துவமனையிலும், பெருநிலத்தில் செபராங் ஜெயா மருத்துவமனையிலும் இச்சிகிச்சைப் பிரிவுகள் உள்ளன. பக்கவாதத்திலிருந்து மீண்ட ஜேனட் இயோ 1996இல் தொடங்கிய தேசிய பக்கவாதச் சங்கமான 'நாசாம்' பினாங்கிலும் பணியாற்றி வருகிறது. வேலையின்போது காயமுற்ற, அல்லது நோயால் உழைக்க இயலாதுபோன சொக்சோ சந்தாதாரர்கள், தகுதி இருப்பின் மறுவாழ்வுச் சிகிச்சை பெறலாம். மருத்துவச் சான்றுகளுடன் சொக்சோ அலுவலகத்தை அணுகுக.

சிகிச்சையாளரைக் காண்பது வாரத்தில் ஒரு மணி நேரமாக இருக்கலாம். எஞ்சிய நேரமெல்லாம் நோயாளி இருப்பது வீட்டில். அங்கே தொடரும் பயிற்சியே அவரை மீண்டும் நடக்கவைக்கும்.