வைட்டமின் டி: ஓட்டைத் தொட்டிக் கணக்கு

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்ல வைட்டமின் டி 14னு வந்திருக்கு. கையில 60,000 யூனிட் கேப்ஸ்யூல் அட்டை ஒண்ணு இருக்கு. நம்ம ஹாஸ்டல்ல இந்த நிலைமையில இருக்கிறவங்க ரூமுக்கு ஒருத்தராவது இருப்பீங்க. அட்டையைப் பிரிக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம்: அது தினமும் போடுற மாத்திரை இல்ல. வாரத்துக்கு ஒண்ணு. வழக்கமா எட்டு வாரம். மாத்திரைன்னாலே காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு பழகின நமக்கு இங்கதான் சறுக்கும். ஏன் வாரம் ஒண்ணு, ஏன் எட்டு வாரம்னு புரிஞ்சுட்டா மறக்காது.

முதல்ல அந்த 14 என்னன்னு பார்ப்போம். ரிப்போர்ட்ல அளந்திருக்கிறது '25-ஹைட்ராக்சி வைட்டமின் டி', அலகு நானோகிராம்/மி.லி. தோல்ல உருவாகிறதோ மாத்திரையில வர்றதோ, டி3 கல்லீரலுக்குப் போய் இந்த வடிவத்துக்கு மாறுது. அப்புறம் சிறுநீரகம் தேவைக்கேத்த மாதிரி அதை எடுத்து வீரியமான ஹார்மோனா மாத்துது. அந்த ஹார்மோன் சில மணி நேரம்தான் தாங்கும். அதனால நம்மகிட்ட எவ்வளவு கையிருப்பு இருக்குன்னு சொல்றது நடுவுல இருக்கிற 25-ஹைட்ராக்சிதான். பொதுவா 20-க்குக் கீழ குறைபாடு. 12-க்கும் கீழ போனா எலும்பு விஷயத்துல நிஜமாவே கவலைப்படணும். 20-க்கும் 30-க்கும் நடுவுல இருந்தா? அதுல டாக்டர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்ல. சில லேப் ரிப்போர்ட் நானோமோல்/லிட்டர்ல வரும், அதை 2.5 ஆல வகுக்கணும். 50னு பார்த்து சந்தோஷப்பட்டுடாதீங்க, அது இங்க 20.

இப்ப கணக்கு. அடியில ஓட்டை இருக்கிற தொட்டியை நினைச்சுக்கோங்க. (இ.சி.இ. மக்கள் ஆர்.சி. சர்க்யூட்னு வெச்சுக்கலாம், ரெண்டும் ஒரே சமன்பாடுதான்.) மேல இருந்து வெயிலும் சாப்பாடும் மாத்திரையும் ஊத்துது. கீழ உடம்பு சிதைச்சு வெளியேத்துது. ரத்தத்துல 25-ஹைட்ராக்சியோட அரை ஆயுள் சுமார் 2 முதல் 3 வாரம். கணக்குக்கு 3 வாரம்னு எடுத்துப்போம்.

தினமும் 1,000 யூனிட் மட்டும் ஆரம்பிச்சா என்ன ஆகும்? சின்ன அளவுகளுக்கு ஒரு தோராய விதி உண்டு: தினசரி 100 யூனிட் கூட்டினா, அளவு கடைசியில 1 நானோகிராம் வரைக்கும் ஏறும். அப்ப 1,000 யூனிட்டுக்கு அதிகபட்சம் 10. ஆனா 14-ல இருந்து 24-க்கு ஒரே நாள்ல போயிடாது. 3 வாரத்துல பாதி தூரம், 19. 6 வாரத்துல 21.5. கிட்டத்தட்ட நிலைக்கு வர அஞ்சு அரை ஆயுள், அதாவது மூணு மாசத்துக்கு மேல. ரெண்டு வாரத்துல மறுபடியும் டெஸ்ட் எடுத்துட்டு "மாத்திரை வேலை செய்யல"ன்னு சொல்றவங்க சார்ஜ் ஆகுற கெப்பாசிட்டரை பாதியில அளக்கறாங்க.

இவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம்னுதான் ஆரம்பத்துல பெரிய டோஸ். 60,000 யூனிட்னா பயங்கரமா கேட்குது, ஆனா 40 யூனிட் ஒரு மைக்ரோகிராம், அதனால மொத்தமே 1.5 மில்லிகிராம்தான். வாரம் ஒண்ணுன்னா தினசரிக் கணக்குல சுமார் 8,570 யூனிட். உடனே மேல சொன்ன விதியில போட்டு 85 ஏறும்னு கணக்குப் பண்ணாதீங்க. பெரிய அளவுல அந்தக் கோடு வளைஞ்சு படுத்துடும், ஒரு பகுதி கொழுப்புத் திசுவுல போய் உட்கார்ந்துக்கும், நாமும் எட்டு வாரத்துல நிறுத்திடுவோம்.

நிறுத்தின பிறகு நடக்கிறதைத்தான் நிறைய பேர் கவனிக்கறதில்ல. அளவு 14-ல இருந்து 40 வரைக்கும் ஏறிடுச்சுன்னு வைங்க. வெயில், சாப்பாடு எதுவும் மாறலைன்னா தொட்டியோட பழைய மட்டம் அதே 14 தான். 3 வாரத்துல 27, 6 வாரத்துல 20.5ன்னு இறங்கும். கொழுப்புல சேர்ந்தது திரும்பி வர்றதால நிஜத்துல இதைவிட மெதுவா இறங்கும், ஆனா திசை அதேதான். "போன வருஷமும் கோர்ஸ் முடிச்சேன், மறுபடியும் 15"ன்னு புலம்பறவங்களோட ரகசியம் இதுதான். எட்டு வாரம் தொட்டியை நிரப்பறதுக்கு, அதுக்கப்புறம் மட்டத்தைக் காப்பாத்த டாக்டர் சொல்ற சின்ன டோஸ் தொடரணும். பெரும்பாலும் தினமும் 1,000, 2,000 யூனிட் மாதிரி.

இல்லைன்னா வெயில். ஆனா காலை ஏழு மணி இளவெயில்ல நின்னா டி கிடைக்கும்னு வீட்டுல சொல்றதை அப்படியே நம்பாதீங்க. சூரியன் தாழ்வா இருக்கும்போது, தேவையான யுவி-பி கதிரை வளிமண்டலமே பெரும்பாலும் தடுத்துடும். உங்க நிழல் உங்க உயரத்தைவிடக் குட்டையா இருக்கிற நேரம்தான் கணக்கு. கண்ணாடி ஜன்னல் வழியா வர்ற வெயில் சுடும், டி தராது. நமக்கு அந்த நேரம் பூரா கிளாஸ், லேப். சென்னை வெயில்ல இருந்துக்கிட்டே குறைபாடு வர்றது இப்படித்தான்.

சரி, 60,000-ஐ தினமும் போட்டா? வாரத்துக்கு 4,20,000. ஓட்டை அதே சைஸ்தான். டி அளவுக்கு மீறிப் போனா (பொதுவா 150-க்கு மேல) குடல் கால்சியத்தை அளவில்லாம உறிஞ்சும், ரத்தத்துல கால்சியம் ஏறும். குமட்டல், தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குழப்பம், கடைசியில சிறுநீரகப் பாதிப்பு. மாத்திரையை நிறுத்தினாலும் அரை ஆயுள் நீளம் என்பதால இறங்க மாசக்கணக்காகும். ஒரு வாரம் தெரியாம தினமும் போட்டுட்டீங்கன்னா பதற வேண்டாம். நிறுத்திட்டு டாக்டரைப் பார்த்து கால்சியமும் கிரியேட்டினினும் பரிசோதிச்சுக்கோங்க. "நல்லாத்தானே இருக்கு"ன்னு அட்டை மேல அட்டையா மாசக்கணக்குல போறதுதான் உண்மையான ஆபத்து.

'மொத்தமா ஒரே தடவை போட்டு வேலையை முடிச்சுடலாமே'ங்கிற யோசனையையும் சோதிச்சுப் பார்த்திருக்காங்க. ஆஸ்திரேலியாவுல 70 வயசு தாண்டிய பெண்களுக்கு வருஷத்துக்கு ஒரே தடவை 5 லட்சம் யூனிட் கொடுத்தாங்க. 2010-ல முடிவு வந்தது: மருந்து எடுத்தவங்கதான் அதிகமா கீழ விழுந்தாங்க, எலும்பு முறிவும் அவங்களுக்குத்தான் அதிகம். நம்ம வயசுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது, ஆனா பெரிய டோஸ்னா பெரிய நன்மைன்னு நினைக்கறதுக்கு அது பதில்.

சாப்பிடுற முறை சிம்பிள். டி கொழுப்புல கரையும், அதனால வெறும் வயித்துல தண்ணியோட வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்குப் பின்னாடி போடுங்க, பொடி பாக்கெட்டா இருந்தா பால்ல கலந்துக்கலாம். ஞாயிற்றுக்கிழமைன்னு ஒரு நாளை முடிவு பண்ணி போன்ல அலாரம் வெச்சுடுங்க. டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமத்துல இருக்கிற கொழுப்புல இருந்து தயாராகுது, வீகன் நண்பர்களுக்கு லைக்கன்ல இருந்து எடுத்ததும் கிடைக்குது. சிறுநீரகக் கல் வந்தவங்க, டி.பி. அல்லது சார்காய்டோசிஸ் இருக்கிறவங்க டாக்டரைக் கேட்காம தொடவே கூடாது. வலிப்புக்கு ஃபெனிடாயின் எடுத்தா ஓட்டை பெருசாகும், அவங்களுக்குக் கணக்கே வேற.

முடி கொட்டுது, தூக்கம் வருது, அரியர் விழுதுன்னு எல்லாத்துக்கும் டி-யைக் காரணம் காட்டுறது இப்ப ஃபேஷன். அமெரிக்காவுல 25,871 பேரைச் சேர்த்து, தினம் 2,000 யூனிட் டோஸைச் சோதிச்சுச் சுமார் அஞ்சு வருஷம் பார்த்த வைட்டல் ஆய்வுல புற்றுநோயும் மாரடைப்பும் குறையல. அதுல கலந்துக்கிட்டவங்கள்ல பெரும்பாலானவங்களுக்குக் குறைபாடே இல்லங்கிறதையும் சேர்த்துப் படிக்கணும். அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டியும் 2024-ல, ஆரோக்கியமான பெரியவங்களுக்கு வழக்கமா இந்த டெஸ்ட் தேவையில்லன்னு சொல்லிடுச்சு. எலும்பு வலி, தொடையில பலவீனம், மாடிப்படி ஏற கஷ்டம்னு இருந்தா அது வேற கதை, போய் டாக்டரைப் பாருங்க.

கோர்ஸ் ஆரம்பிச்சு மூணு மாசம் கழிச்சு மறு பரிசோதனை. முடிஞ்சா அதே லேப்ல எடுங்க, ஏன்னா லேபுக்கு லேப் முறை மாறினா நம்பரும் கொஞ்சம் மாறும். பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க, டாக்டர் அதைத்தான் முதல்ல கேட்பார்.