கடலில்லா ஊர்க்காரர் படகு வாங்கினால்

ஊருக்குப் பெயர் அணைக்கட்டு. கடலுக்கும் ஊருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வேலூரிலிருந்து ஒடுகத்தூர் போகும் சாலையில் இருக்கிற இந்த ஊரிலிருந்து சென்னைக் கடற்கரைக்கு நூற்றைம்பது கிலோமீட்டர் போல ஆகும். பக்கத்தில் படகு ஏற ஆசைப்பட்டால் ஏலகிரிக்குப் போய்ப் புங்கனூர் ஏரியில் மிதிபடகு மிதிக்கலாம். இங்கே ஒருவர் "புதுசா ஒரு மோட்டார் யாட் வாங்கலாம்னு இருக்கேன்" என்று சொன்னால் டீக்கடை பெஞ்சு முழுக்கச் சிரிக்கும்.

சிரிக்கட்டும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோலும் ஷூவும் ஏற்றுமதி செய்து தலையெடுத்த குடும்பங்களுக்கு அது எட்டாத பொருள் இல்லை. அதோடு, கடல் தெரியாவிட்டாலும் இவர்களுக்கு வேறொன்று அத்துப்படி. சரக்கைப் பார்த்து, குறை சொல்லி, விலையைத் திருத்தி, காகிதத்தைச் சரிபார்த்து வாங்கும் வித்தை அது. தோல் மண்டியில் கட்டைப் பிரித்து உண்ணிக்கடியும் கத்திக்கீறலும் தேடுகிற அதே கண்தான் படகுப் பட்டறையிலும் வேண்டும். இந்த வழிகாட்டி அந்தக் கண் உள்ளவர்களுக்காக.

முதல் தேர்வு: எங்கே நிறுத்துவது?

எந்தப் படகு என்று கேட்பதற்கு முன், அது இரவில் எங்கே உறங்கும் என்று கேளுங்கள். கார் வாங்கியபின் ஷெட் போடலாம். படகில் அது நடக்காது.

சென்னை பக்கம்தான். ஆனால் சென்னையின் மெரினா வெறும் மணற்கரை. படகைக் கட்டி நிறுத்தும் மரினா அன்று. ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-இலிருந்து துறைமுகத்துக்குள் இயங்கிவருகிறது. அது பெரிதும் பாய்மரக்காரர்களின் உலகம். உறுப்பினராக வேண்டும், துறைமுகக் கட்டுப்பாடுகளுக்கு உட்பட வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் பயம் வேறு.

மும்பையில் கேட்வே ஆஃப் இந்தியா எதிரே மிதவையில் கட்டிப்போடுவது வழக்கம். படகில் ஏறவும் இறங்கவும் இன்னொரு சிறு படகு வேண்டும். தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் பல படகுகளைக் கரையேற்றிவிடுவார்கள். ஆக, ஆண்டில் ஏறக்குறைய நான்கு மாதம் கடல் இல்லை.

கொச்சியில் போல்காட்டித் தீவில், கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் மரினா 2010-இலிருந்து இருக்கிறது. மிதக்கும் துறையில் நடந்தே போய்ப் படகில் ஏறலாம். காயலுக்குள் இருப்பதால் பேரலை எட்டாது. காட்பாடியில் இரவு ரயில் ஏறினால் காலையில் எர்ணாகுளம். அணைக்கட்டுக்காரருக்கு, தூரம் கூடுதலாக இருந்தாலும், என் பார்வையில் கொச்சியே முதல் இடம். எந்த ஊரானாலும், இடம் உண்டு என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே படகுக்கு முன்பணம் கொடுங்கள்.

இரண்டாம் தேர்வு: வெளிநாட்டுப் படகா, உள்நாட்டுப் படகா, வாடகையா?

வெளிநாட்டுப் பெரிய பட்டறைகளின் படகு பல முறை செய்து பழகிய அச்சிலிருந்து வருவது. ஐரோப்பாவில் விற்கப்படும் உல்லாசப் படகுகளுக்கு ஏ, பி, சி, டி என நான்கு வடிவமைப்புத் தரங்கள் உண்டு. டி என்பது 0.3 மீட்டர் அலைக்கு, அதாவது ஏரிக்கும் ஆற்றுக்கும். சி என்பது 2 மீட்டர் அலை வரை, கரையோரத்துக்கு. பி என்பது 4 மீட்டர் வரை. அதற்கு மேல் ஏ. விற்பனையாளர் சோபாவைக் காட்டும்போது நீங்கள் இந்த எழுத்தைக் கேளுங்கள். கொச்சிக் காயலோடு நிறுத்திக்கொள்பவருக்கு சி போதும். லட்சத்தீவு ஆசை இருந்தால் பி-க்குக் கீழே இறங்காதீர்கள்.

உள்நாட்டில் கட்டுவித்தால் மாதம் ஒருமுறை நேரில் போய்ப் பார்க்கலாம். உதிரிப் பாகம், பழுது, வாய்ச்சண்டை எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஆனால் பட்டறைக்குப் பட்டறை தரம் மாறும். அதனால் இந்தியக் கப்பல் பதிவகம் போன்ற வகைப்பாட்டு நிறுவனத்தின் மேற்பார்வையில் கட்ட முடியுமா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்க வேண்டும். அதே பட்டறை முன்பு கட்டிக்கொடுத்த, ஐந்து வயதான படகு ஒன்றையும் தேடிப் பாருங்கள். புதுப் படகு எல்லாமே பளபளக்கும். பட்டறையின் குணம் ஐந்தாம் ஆண்டில்தான் தெரியும்.

மூன்றாவது வழி, வாங்காமலிருப்பது. ஆண்டுக்குப் பத்து நாள் மட்டுமே கடலுக்குப் போகிறவர் வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம். ஒரு கணக்கு: 2025 செப்டம்பர் 22 முதல் உல்லாசப் படகுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். மீன்பிடிப் படகுக்கு 5 சதவீதம்தான். ஒரு கோடி ரூபாய்ப் படகுக்கு வரி மட்டும் 40 லட்சம். இறக்குமதி என்றால் சுங்கத் தீர்வை தனி. ஆண்டுப் பராமரிப்புக்குப் படகின் விலையில் பத்தில் ஒரு பங்கை எடுத்துவை என்று படகுக்காரர்கள் ஒரு கைக்கணக்கு சொல்வார்கள். இந்த இரண்டையும் கூட்டிப் பார்த்தபின்னும் தூக்கம் வந்தால், வாங்கலாம்.

மூன்றாம் தேர்வு: யார் பெயரில்?

"கம்பெனி பெயர்ல வாங்குங்க, ஜிஎஸ்டி திரும்ப எடுத்துக்கலாம்" என்று யாராவது சொல்வார்கள். ஏற்றுமதிக்காரர்களுக்கு உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுப்பது அன்றாடப் பழக்கம் என்பதால் இது சட்டென்று இனிக்கும். ஆனால் மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு படகுகளுக்கான உள்ளீட்டு வரியைத் தடுக்கிறது. படகையே விற்பது, பயணிகளையோ சரக்கையோ ஏற்றுவது, ஓட்டப் பயிற்சி கொடுப்பது போன்ற தொழில்களுக்குத்தான் விலக்கு. முதலாளி குடும்பத்தோடு ஞாயிற்றுக்கிழமை உலா போவது அந்தப் பட்டியலில் இல்லை. உண்மையிலேயே வாடகைக்கு விடும் தொழில் செய்வதானால் கம்பெனி சரி. அதற்கேற்ற உரிமம், தகுதியுள்ள ஓட்டுநர், பயணிகள் காப்பீடு எல்லாம் கூடவே வரும். இல்லையென்றால் சொந்தப் பெயரே மேல்.

கூட்டாக வாங்குவது மூன்றாவது வழி. 1958-ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம் ஒரு கப்பலின் உடைமையைப் பத்துப் பங்காகப் பிரித்தது. பிரிட்டிஷ் மரபில் அது 64 பங்கு. அண்ணன் தம்பி மூன்று பேர் சேர்ந்தால் பத்தைச் சமமாகப் பிரிக்க முடியாது என்பதை முன்கூட்டியே நினைத்துக்கொள்ளுங்கள். 2025-இல் புதிய வணிகக் கப்பல் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியிருக்கிறது. அதனால் பழைய தாளை நம்பாமல், பதிவு செய்யும் நாளில் நடப்பிலுள்ள விதியைக் கடல்சார் வழக்கறிஞரிடம் கேட்பது நல்லது. காயல், ஆறு, ஏரி மட்டும் என்றால் 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் பொருந்தும். கடலுக்கும் போகும், காயலிலும் திரியும் என்றால் எந்தப் பதிவு வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். பின்னால் மாற்றுவது அலைச்சல்.

நான்காம் தேர்வு: உடலும் எஞ்சினும்

கண்ணாடி இழை உடல் இலேசானது, வளைவு நளினமானது, பழுது பார்க்க ஆள் கிடைப்பார்கள். ஆனால் மேல் பூச்சு சரியில்லையென்றால் உள்ளே நீர் ஊறிக் கொப்புளம் கிளம்பும். அலுமினியம் வலுவானது, ஆனால் மின் இணைப்பில் கவனக்குறைவு இருந்தால் உப்பு நீரில் அரித்துவிடும். எஃகு பெரிய படகுக்குத்தான் பொருந்தும். பெயிண்ட் வேலை முடிவே இல்லாதது. முதல்முறை வாங்குகிறவருக்கு, 15 மீட்டருக்குள் என்றால், கண்ணாடி இழையே போதும்.

வேகத்தை முடிவு செய்தால் எஞ்சின் தானே முடிவாகும். தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் படகுக்கு ஒரு எல்லை உண்டு. நீர்க்கோட்டு நீளத்தை அடியில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.34-ஆல் பெருக்கினால் அந்த வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். நீர்க்கோட்டில் 36 அடி உள்ள படகுக்கு ஏறக்குறைய 8 நாட், அதாவது மணிக்கு 15 கிலோமீட்டர். அதைத் தாண்டிச் சீறிப்போக வேண்டுமென்றால் தண்ணீரின் மேல் எழும்பும் உடலும் பல மடங்கு குதிரைத்திறனும் வேண்டும்; டீசல் செலவும் எகிறும். மாலையில் காயலில் குடும்பத்தோடு உட்கார்ந்து போக, நிதானப் படகே சுகம்.

தோல்காரர்கள் உள் அலங்காரத்தில் ஒருமுறை சறுக்குவார்கள். சொந்தத் தோலில் இருக்கை போடும் ஆசை வரும். உள்ளறையில் போடுங்கள். வெயிலும் உப்புக் காற்றும் படும் மேல்தளத்தில் எந்த உயர்ரகத் தோலும் விறைத்து வெடித்துவிடும். அது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஐந்தாம் தேர்வு: எங்கே கைமாற்றிக்கொள்வது?

எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப். வித்தியாசம் தெரிந்தவர்களுக்கு இது எளிது. பட்டறை வாசலில் படகை ஏற்றால் விலை குறையும். அதன்பின் நடுக்கடலில் என்ன ஆனாலும் உங்கள் தலையில். இந்தியத் துறைமுகத்தில் ஏற்பதாக எழுதினால் விலை கூடும். வழிநெடுகிலும் ஆபத்து விற்பவருடையது. முதல் படகு வாங்குபவர் இரண்டாவதையே கேளுங்கள்.

ஐரோப்பாவிலிருந்து வருகிற படகைச் சொந்த எஞ்சினில் ஓட்டிவருவதா, சரக்குக் கப்பலில் ஏற்றிவருவதா? 2023 கடைசியிலிருந்து செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதை மறந்துவிடாதீர்கள். சிறு படகை அந்த வழியில் ஓட்டிவருவது சாகசம். வாங்கும் முறை அல்ல. சரக்குக் கப்பலில் ஏற்றுங்கள், காப்பீட்டை வரிக்கு வரி படித்துப் பாருங்கள்.

பணம் தவணையாகத்தான் போகும்: ஒப்பந்தம், உடல் வார்ப்பு, எஞ்சின் பொருத்தல், வெள்ளோட்டம் என்று. பாதியில் பட்டறை திவாலானால்? கட்டிய வரைக்கும் உள்ள உடல் யாருடையது என்று ஒப்பந்தத்தில் இல்லையென்றால், நீங்களும் மற்றக் கடன்காரர்களோடு வரிசையில் நிற்பீர்கள். கொடுத்த பணத்தின் அளவுக்கு உடைமை உங்களுக்கு மாறுவதாக எழுதுங்கள், அல்லது முன்பணத்துக்கு வங்கி உத்தரவாதம் வாங்குங்கள். எல்.சி. இல்லாமல் கன்டெய்னர் ஏற்றாதவர், படகுக்கு மட்டும் வாய் வார்த்தையை நம்பிப் பணம் அனுப்பலாமா?

கைமாறும் நாள்

படகு உங்களுடையதாவது தேங்காய் உடைக்கும் வேளையில் அல்ல. ஏற்புச் சீட்டில் கையெழுத்துப் போடும் நொடியில். அதுவரை குறை சொல்வது உங்கள் உரிமை. அதன்பின் அது வேண்டுகோள். ஆகையால் அந்த நாளில் விருந்தினரைக் கூட்டாதீர்கள். சொந்தமாக ஒரு கடல்சார் சர்வேயரை அழைத்துச் செல்லுங்கள். வெளிநாட்டு வாங்குபவர் உங்கள் ஷூ ஃபேக்டரிக்கு இன்ஸ்பெக்டரை அனுப்புகிறாரே, அதே மாதிரி.

முதலில் கரையில். உடல் எண், இரண்டு எஞ்சின்களின் வரிசை எண்கள் எல்லாம் காகிதத்தோடு பொருந்துகின்றனவா? அடிப்பகுதியில் கடல்நீர் எடுக்கும் வால்வு ஒவ்வொன்றையும் கையால் திறந்து மூடுங்கள். அரிப்பைத் தான் வாங்கிக்கொள்ளும் துத்தநாகக் கட்டிகள் பொருத்தப்பட்டிருக்கின்றனவா பாருங்கள். அடித்தளத்தில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, பம்ப் தானாக ஓடுகிறதா பாருங்கள். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். ஏதோ ஓர் இரவில் படகு மூழ்காமல் காப்பது இதுதான்.

பிறகு வெள்ளோட்டம். இரண்டு மூன்று மணி நேரமாவது ஓட வேண்டும். முழு வேகத்தில் எஞ்சின் தன் குறித்த சுழற்சியை எட்டுகிறதா? எட்டவில்லையென்றால் படகு கனமாக இருக்கிறது, அல்லது சுழலி பொருந்தவில்லை. இன்றைக்குச் சிறு குறை, இரண்டாம் ஆண்டில் எஞ்சின் செலவு. புகையைப் பாருங்கள்: கறுப்பு என்றால் சுமை, நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது, வெள்ளை விடாமல் வந்தால் தண்ணீரோ எரியாத டீசலோ. சுக்கானை ஓரத்திலிருந்து ஓரம் வரை திருப்புங்கள். முழு வேகத்திலிருந்து நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். நங்கூரம் போட்டு எடுங்கள். ஏ.சி., அடுப்பு, விளக்கு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஜெனரேட்டர் தாங்குகிறதா பாருங்கள். திரும்பி வந்ததும் அடித்தளத்தை மறுபடி திறந்து பாருங்கள், காய்ந்திருக்க வேண்டும்.

குறைப் பட்டியலை அங்கேயே எழுதுங்கள். ஒவ்வொரு குறைக்கும் யார் சரிசெய்வது, எந்தத் தேதிக்குள், இரண்டும் வேண்டும். "அதெல்லாம் வாரண்டியில பாத்துக்கலாம் சார்" என்று சிரித்தபடி சொல்வார்கள். பார்த்துக்கொள்ளலாம், ஆனால் கடைசித் தவணையில் ஒரு பகுதியைப் பட்டியல் தீரும் வரை பிடித்துவையுங்கள். இதற்கான வரியை ஒப்பந்தம் போடும்போதே சேர்த்திருக்க வேண்டும். கடைசி நாளில் கேட்டால் சண்டைதான் மிஞ்சும்.

காகிதங்கள்: கட்டியவர் சான்றிதழ், விற்பனைப் பத்திரம், தர உறுதிமொழி, வரி ரசீது, இறக்குமதியானால் சுங்கத் தாள், எஞ்சின் வாரண்டிப் பதிவு. கையெழுத்து விழும் நிமிடத்திலிருந்தே காப்பீடு உயிரோடிருக்க வேண்டும், மறுநாளிலிருந்து அல்ல.

யாருக்கு எது?

ஆண்டுக்குப் பத்து நாள் போகிறவர்: வாடகை. அதைவிட நல்லது இல்லை. மாதம் இரண்டு முறை கொச்சிக்குப் போக நேரம் உள்ளவர்: உள்நாட்டில் கட்டிய, சி தரத்துக்கு ஈடான, கண்ணாடி இழை நிதானப் படகு, சொந்தப் பெயரில். நீண்ட கடல் பயணம் கனவு காண்பவர்: பி தர வெளிநாட்டுப் படகு, இந்தியத் துறைமுகத்தில் கைமாற்றம், சம்பளத்துக்கு ஒரு முழுநேர ஓட்டுநர். தொழிலாகச் செய்ய நினைப்பவர்: முதலில் உரிமம், பிறகு கம்பெனி, கடைசியில் படகு.

எதுவானாலும், மண்டியில் கட்டைப் பிரிக்காமல் தோல் எடுக்காத கை, படகின் அடித்தளப் பலகையைத் தூக்கிப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. மற்றதைக் கடலும் காசும் கற்றுக்கொடுக்கும்.