எஞ்சினைத் திறக்குமுன் படகின் அடியைப் பாருங்கள்

மாங்குளம் சந்தியிலிருந்து கிழக்கே முல்லைத்தீவுக் கரைக்குப் போனால், ஃபைபர் படகுகளில் மண்ணெண்ணெயில் ஓடும் சிறிய எஞ்சின்களைக் காணலாம். 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறிய எண்ணெய் அது. ஆகவே குதிரைவலுவைக் கூட்ட நினைப்பவர் முதலில் வீணாகும் வலுவை மீட்பதே நியாயம். தண்ணீரைக் கிழித்துப் போகும் படகின் வேகத்தைப் பத்திலொரு பங்கு கூட்ட, ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு மேலதிக வலு வேண்டும். அடியிலுள்ள பாசியையும் கொட்டலசையும் சுரண்டுவது அதைவிட மலிவு. விளிம்பு உடைந்த புரொப்பெல்லரை மாற்றுங்கள். முழு வேகத்திலும் கையேடு சொல்லும் சுழற்சியை எஞ்சின் எட்டாவிட்டால், பிட்ச் (ஒரு சுற்றில் புரொப்பெல்லர் முன்னேறும் தூரம்) ஒரு அங்குலம் குறைந்ததைப் போடுங்கள். நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்றுக் கூடும். எஞ்சினை மிக உயரத்தில் மாட்டினால் புரொப்பெல்லர் காற்றை இழுத்து வெறுமனே சுழலும். மிகத் தாழ்த்தினால் இழுவை கூடும்.

“சிலிண்டர் தலையைச் சீவி அழுத்தத்தைக் கூட்டினால் என்ன?” என்று கேட்கலாம். பெற்றோல் எஞ்சினில் ஓரளவு பலன் உண்டு. மண்ணெண்ணெயோ அழுத்தம் கூடினால் நேரத்துக்கு முன்னரே பற்றி வெடிக்கும். அதனால்தான் அந்த எஞ்சின்களைக் குறைந்த அழுத்தத்தோடு செய்கிறார்கள். நடுக்கடலில் பிஸ்டன் உருகினால் கரைக்குத் துடுப்புத்தான். ஒரே உடலில், கார்பரேட்டர் மட்டும் வேறுபட்டு 8, 9.9 குதிரைவலு என வரும் சில மாதிரிகளில் கார்பரேட்டரை மாற்றுவது உண்மையிலேயே உதவும். படகு தாங்கும் உச்ச வலுவை மட்டும் மீறாதீர்கள்.