வாட்டம் பார், பிறகு கல் போடு

மருமகனே, படிப்பை முடித்த கையோடு வீட்டுத் தோட்டம் அமைக்கும் வேலையில் இறங்கப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். நல்லது. நாகர்கோவிலைச் சுற்றிப் புது வீடு கட்டுகிறவர்கள் இன்றைக்கு முற்றத்துக்கு முதலில் கேட்பது அலங்காரக் கல்தான். வெள்ளைக் கல், கறுப்புக் கல், கூழாங்கல், சிப்ஸ் என்று கடைகளில் சாக்குச் சாக்காக அடுக்கி வைத்திருக்கிறார்கள். வாங்கிக் கொட்டுவது எளிது. கொட்டிய கல் இரண்டு மழைக்காலம் தாண்டி நிற்பதில்தான் தொழில் இருக்கிறது. இத்தனை வருஷம் சேற்றில் நின்றவன் என்ற உரிமையில் சிலவற்றை எழுதி அனுப்புகிறேன். வரிசை எண் போட்டிருக்கிறேனே தவிர, எல்லாம் ஒரே எடை இல்லை.

1. படத்தைப் பார்த்துத் தலையாட்டாதே. வீட்டுக்காரர் முதல் நாளே போனை நீட்டி ஒரு படம் காட்டுவார். அது எந்த ஊர் என்று கேள். பல படங்கள் அமெரிக்காவின் அரிசோனா பக்கத்து வீடுகள். அங்கே ஃபீனிக்ஸ் நகரில் வருஷம் முழுக்கப் பெய்வது 20 சென்டிமீட்டருக்கும் குறைவு. நமக்கு ஐப்பசியில் ஒரு தாழ்வு மண்டலம் வலுத்தால் இரண்டு நாளில் அவ்வளவையும் பார்த்துவிடலாம். 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது உனக்கே நினைவிருக்கும். இன்னும் சில படங்கள் ஜப்பானிலிருந்து வரும். கியோத்தோவின் ரியோவான்ஜி கோயிலில் வெண்சரளை விரித்து 15 பாறைகளை வைத்திருக்கிறார்கள். அந்தச் சரளையை வாரிக் கோடு இழுத்து, விழுந்த இலையை எடுத்துப் போட அங்கே ஆள் உண்டு. நீ போகிற வீட்டில் யார் உண்டு என்று பார்த்துவிட்டுப் பேசு.

2. மழை பெய்யும்போது இடத்தைப் பார். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆனி ஆடியில் தென்மேற்கு, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு. ஆனால் வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் வெயில் நாளில்தான் கூப்பிடுவார்கள். அளவெடுத்துவிட்டு வா, மழை பிடித்ததும் குடையோடு மறுபடி போ. மாடித் தண்ணீர் எந்த மூலையில் விழுகிறது, பக்கத்து வீட்டுத் தண்ணீர் எங்கே நுழைகிறது, எந்த இடத்தில் கணுக்கால் வரை நிற்கிறது என்று நின்று பார். மழை வராவிட்டால் சுவரைப் பார். சேறு தெறித்த கோடும் பாசி படிந்த உயரமும் எல்லாவற்றையும் சொல்லிவிடும். அதையும்விட நல்ல வழி, முற்றம் பெருக்குகிறவரிடம் கேட்பது. ஒரு வீட்டில் பொறியாளரான மகன் வரைபடத்தை விரித்து விளக்கிக்கொண்டிருந்தார். திண்ணையிலிருந்த ஆச்சி எழுந்து வந்து விளக்குமாற்றின் நுனியால் ஒரு இடத்தைத் தொட்டு, “தண்ணி இங்கதான் கெடக்கும்” என்றார். வரைபடத்தில் அது மேடான இடம். கார்த்திகையில் ஆச்சி சொன்னதுதான் நடந்தது. படித்தவர் பேச்சைக் கேள்; பெருக்குகிறவர் பேச்சைக் குறித்துக்கொள்.

3. கல்லுக்கு அடியில்தான் வேலை. மேலே தெரிகிற கல்லை மட்டமாக இழுத்துவிட யாராலும் முடியும். அதற்கு அடியில் இருக்கும் மண், வீட்டுச் சுவரை விட்டு விலகிச் சரிய வேண்டும். 10 அடிக்கு இரண்டு, இரண்டரை அங்குலம் வாட்டம் போதும். கண்ணை நம்பாதே, டியூப் லெவல் வைத்து நூல் பிடி. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த கொத்தனார் ஒருவர், மண்ணைத் திமிசுக் கட்டையால் இடித்து முடித்ததும் ஒரு குடம் தண்ணீரை அதன் மேல் கவிழ்ப்பார். பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு தண்ணீர் போகிற வழியைப் பார்ப்பார். ஓரிடத்தில் கையளவு நின்றாலும் மறுபடி இடிக்கச் சொல்வார். சித்தாள்கள் முணுமுணுப்பார்கள், அவர் காதில் வாங்கமாட்டார். கல் போட்டபின் குழி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மண் ஊறும், கல் புதையும், பெருமழையில் தண்ணீர் கல்லுக்கு மேலே எட்டிப் பார்க்கும், கொசு குடியேறும். நீ மறைத்ததை மழை தோண்டி எடுத்துவிடும்.

4. நடக்கிறவர் யார் என்று கேட்டுவிட்டுக் கல்லைத் தேர்ந்தெடு. உருண்டைக் கூழாங்கல் பார்க்க அழகு, மிதித்தால் உருளும். ஊன்றுகோல் வைத்து நடக்கிற பெரியவர் உள்ள வீட்டில் நடைபாதைக்கு அதைப் போடுவது பாவம். ஸ்கூட்டர் ஸ்டாண்ட் போட்டால் அதில் இறங்கிச் சாய்ந்துவிடும். மூலை முறியாத உடைகல், அரை அங்குல ஜல்லி, ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும், நடக்க அதுதான். இரண்டு அங்குலக் கனத்துக்கு மேல் வேண்டாம், கனம் கூடினால் கடற்கரை மணலில் நடப்பதுபோல் கால் இழுக்கும். கால் அங்குல சிப்ஸ் செருப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும், பெருமழையில் ஓடையோடு ஓடும். அதை விற்கிறவர் இதைச் சொல்லமாட்டார். கூழாங்கல்தான் வேண்டும் என்று அடம் பிடித்தால், கால் வைக்கும் இடத்தில் எல்லாம் பலகைக் கல் பதித்துவிட்டு இடைவெளியில் கூழாங்கல்லை நிரப்பு.

5. வெள்ளைக் கல் கேட்பவரிடம் உண்மையைச் சொல். கடையில் பால்போல் இருப்பதில் பெரும்பகுதி பளிங்குத் துண்டு. நம் ஊர் ஈரத்தில், வெயில் படாத பக்கம், ஒரு மழைக்காலம் முடிவதற்குள் பச்சை ஏறிவிடும். தேய்த்துக் கழுவலாம், ஆண்டுதோறும் கழுவ வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. பளிங்கு சுண்ணாம்புச் சத்தால் ஆன கல். ஒரு துண்டை நுணுக்கி எலுமிச்சைச் சாறு விட்டுப் பார், நுரைக்கும். மழையில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மண்ணின் புளிப்பைக் குறைக்கும். புளிப்பு மண்ணை விரும்பும் இட்லிப்பூச் செடியைச் சுற்றி அதைக் கொட்டினால் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். வீட்டுக்காரர் உரம் வைப்பார், மருந்து அடிப்பார், கடைசியில் செடி விற்றவரைத் திட்டுவார். கருங்கல் சாம்பல் நிறமும் செங்கல் நிறக் கல்லும் நம் மண்ணோடு ஒட்டிப்போகும், அழுக்கும் தெரியாது. கறுப்பாக மினுங்குகிற கல்லை வாங்குமுன் நாலு கல்லை ஒரு இரவு வாளித் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் வெள்ளைத் துணியால் அழுத்தித் துடை. துணியில் சாயம் இறங்கினால் அந்தக் கடைக்கு இனிப் போகாதே.

6. களையே வராது என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதே. மண்ணுக்கு மேல் பிளாஸ்டிக் தாளை விரித்து அதன்மேல் கல்லைக் கொட்டுவது இன்றைக்கும் நடக்கிறது. தாளுக்கு மேலே தண்ணீர் தேங்கும், கீழே மண் மூச்சு முட்டும், பக்கத்து மரத்தின் வேர் தவிக்கும். தண்ணீர் இறங்கும்படியான ஜியோ துணியைப் போடு. அது களையைத் தடுக்கவென்று மட்டும் நினைக்காதே. கல் சேற்றுக்குள் புதையாமல் தாங்குவதுதான் மழை ஊரில் அதன் முதல் வேலை. காற்றில் வரும் விதை துணிக்கு மேலே, கல்லுக்கு இடையில் விழுந்து முளைத்தே தீரும். கோரையோ துணியையே குத்திக்கொண்டு வரும். அதனால் துணி விரிக்குமுன் மண்ணை ஒரு முழம் கொத்தி, கோரைக் கிழங்கைக் கையால் பொறுக்கு. வெட்டிவிட்டால் போதாது, துண்டாகிப் போன கிழங்கிலிருந்தும் முளை வரும். பொறுக்குகிற அன்றைக்கு உன் பொறுமை போதுமா என்று உனக்கே தெரிந்துவிடும். அதில் சலிப்பவர்கள் இந்தத் தொழிலில் தங்குவதில்லை.

7. ஓரம் கட்டாமல் கல் போடாதே. கடப்பா பட்டையோ குத்துச் செங்கல்லோ, கல்லின் மட்டத்துக்கு மேல் ஒரு அங்குலம் நிற்கட்டும். ஆனால் சரிவின் கடைசியில் தண்ணீர் வெளியேற இடைவெளி விடு. நாலு பக்கமும் அடைத்துவிட்டால் முற்றம் தொட்டியாகிவிடும்.

8. வேண்டாம் என்று சொல்லக் கற்றுக்கொள். மாமரத்தடியிலும் வேப்பமரத்தடியிலும் கல் கேட்பார்கள். உதிர்கிற இலையைக் கல்லுக்கிடையிலிருந்து எடுப்பது யார்? எடுக்காத இலை மழையில் மக்கி மண்ணாகும், அந்த மண்ணில் களை வரும், நாலு வருஷத்தில் நீ போட்ட கல் எங்கே என்று தேட வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்ததே, அதற்குப் பிறகு கல் முற்றங்களைச் சுத்தம் செய்யப் போனவர்களைக் கேள். இலையும் சுள்ளியும் சேறும் கல்லோடு பிசைந்து கிடந்ததில் மொத்தத்தையும் அள்ளி, சல்லடையில் போட்டு அலசித்தான் மீட்க முடிந்தது. மரத்தடிக்கு அதன் சருகே போர்வை. கட்டாயம் போட்டே ஆக வேண்டும் என்றால் அடிமரத்தைச் சுற்றி ஓர் அடியாவது மண்ணை விட்டுவிடு. சித்திரை வெயிலில் கல் வாங்கிய சூடு பொழுது சாய்ந்த பின்னும் இறங்காது. இளஞ்செடித் தண்டு அதைத் தாங்காது. ஒரு வேலையை மறுத்தால் அந்த மாதம் கை கொஞ்சம் இறுகும், உண்மைதான். என் அனுபவத்தில், மறுத்த வீடுகளில் பாதிப் பேர் வேறு வேலைக்கு என்னையே தேடி வந்தார்கள். மீதிப் பேர் வரவில்லை. அதுவும் சரிதான்.

9. கல் நிஜமாகவே உதவும் இடத்தைத் தேடிப் பிடி. கூரைத் தண்ணீர் விழும் இறவாணத்துக்கு நேர் கீழே ஒன்றரை, இரண்டு அடி அகலத்துக்கு ஒன்றரை அங்குல ஜல்லியைப் போட்டுப் பார். மண் அரிக்காது, சுவரில் சேறு தெறிக்காது, தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கும். வீட்டுக்காரர் கேட்காவிட்டாலும் நீயே எடுத்துச் சொல். 2003இலிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். பல வீடுகளில் அந்தக் குழி சிமெண்ட் மூடிக்கு அடியில் மண் அடைத்துக் கிடக்கிறது. அதைத் திறந்து, பழைய ஜல்லியை அள்ளிக் கழுவிப் போட்டு, முற்றத்தின் வாட்டத்தை அதை நோக்கித் திருப்பிவிடு. வாசல் முதல் மதில் வரை சிமெண்ட் பூசித் தண்ணீர் முழுவதையும் தெருவுக்குத் தள்ளிவிட்டு, பங்குனியில் லாரித் தண்ணீர் வாங்குகிறவர்களைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. அவர்களில் ஒருவரையாவது நீ மாற்றினால் உன் மாமாவுக்குச் சந்தோஷம்.

10. ஆற்றுக் கல்லைத் தொடாதே. பழையாற்றிலும் கோதையாற்றிலும் அள்ளிய கல் மலிவாகக் கிடைக்கும் என்று யாராவது ராத்திரியில் போன் செய்வார்கள். சரளையும் மணலும் 1957ஆம் ஆண்டின் கனிமச் சட்டப்படி சிறு கனிமங்கள். அனுமதி இல்லாமல் எடுப்பதும் ஏற்றுவதும் குற்றம். லோடு இறக்குமுன் நடைச்சீட்டைக் கேட்டு வாங்கு, ரசீதை வீட்டுக்காரர் பெயரில் போடச் சொல். சட்டத்தை விடு, ஆற்றின் அடியில் கிடக்கும் கல்தான் வெள்ளத்தின் வேகத்தைத் தணித்துக் கரையைக் காக்கிறது. உடைகல்லை இயந்திர உருளையில் போட்டு உருட்டி வழவழப்பாக்கிய கல் இப்போது தாராளமாகக் கிடைக்கிறது. நாலு காசு கூடத்தான் ஆகும்.

11. கணக்கைக் காகிதத்தில் எழுதிக் கொடு. 10 அடிக்கு 10 அடி இடத்துக்கு இரண்டு அங்குலக் கனம் என்றால் ஏறத்தாழ 17 கன அடி. ஒரு யூனிட் 100 கன அடி. 600 சதுர அடிக்கு வரும். பத்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சொல், இடித்த மண்ணும் கொஞ்சம் விழுங்கும். லோடு வந்ததும் சாக்கைப் பிரித்து அடியில் இருப்பதைப் பார், மேலே மட்டும் நல்ல கல் வைப்பது பழைய வித்தை. விரிக்குமுன் சல்லடையில் கொட்டித் தூசி போகக் கழுவு. கழுவாத கல்லின் தூசி முதல் மழையிலேயே துணியின் கண்களை அடைத்துவிடும். கழுவுகிற கூலியைத் தனி வரியாக எழுது. அதை மறைத்து வேறு எங்கோ ஏற்றி வைத்தால் கேள்வி வரும்போது உன் முகமே காட்டிக் கொடுத்துவிடும். ஓரிரு வருஷத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கல் சேர்க்க வேண்டியிருக்கும் என்பதையும் அதே தாளில் எழுது.

12. முதல் ஐப்பசி மழை வெறித்ததும், கூப்பிடாமலே அந்த வீட்டுக்குப் போ. கம்பி வாரியலும் ஒரு சாக்கும் எடுத்துக்கொள். எங்கே கல் ஒதுங்கியிருக்கிறது, எங்கே இறங்கியிருக்கிறது என்று பார்த்து இழுத்துவிடு. முளைத்த நாலு களையைப் பிடுங்கிச் சாக்கில் போடு. அன்றைக்குக் கூலி வாங்காதே. காப்பி கொடுத்தால் குடித்துவிட்டு வா.