வளரும் தேகமும் பந்தாட்டமும்

சுங்கை பெசார் முதல் கோல சிலாங்கூர் வரை பரந்துள்ள தோட்டப்புறங்களிலிருந்து மாலை வேளையில் சைக்கிள் மிதித்துத் திடலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நெடுங்காலமாகக் காற்பந்துப் பயிற்சி அளித்துவரும் எனக்கு, ஒரே மாதத்தில் பிறந்து ஒரே வகுப்பில் படிக்கும் இரு பையன்களின் தேகங்கள் ஒரே பிராயத்தை உடையவை அல்ல என்பதே தலையாய பாடமாகப் படுகிறது. பதின்மூன்று வயதில் ஒருவனுக்கு மீசை அரும்பித் தோள் விரிந்திருக்க, மற்றவன் இன்னும் பாலகனாகவே இருப்பான். முன்னவன் தேக பலத்தாலேயே ஆட்டங்களை வென்று தருவதால் அவனையே தேர்ந்துகொண்டு, பின்னவனை ஓரத்தில் உட்கார வைக்கும் வழக்கம் நம் வட்டாரப் போட்டிகளில் வேரூன்றியிருப்பதைக் காணும்போதெல்லாம் என் மனம் நோகிறது. ஏனெனில், நாலைந்து ஆண்டுகளில் உயரமும் பலமும் சமமாகிவிட, அதுவரை புத்தியையும் பந்தின்மீதுள்ள ஆதிக்கத்தையுமே துணையாகக் கொண்டு ஆடிப் பழகிய சிறியவன் முந்திச் செல்வதைப் பல தடவை கண்டிருக்கிறேன்.

ஆண் பிள்ளைகள் பொதுவாக 13, 14 வயதிலும், பெண் பிள்ளைகள் அதற்குச் சுமார் இரண்டாண்டு முன்னதாகவும் அதிவேகமாக வளர்கிறார்கள். அவ்வளர்ச்சியின் உச்சத்தில் ஒரு பையன் ஓராண்டுக்குள் 9 செ.மீ. அளவுக்கு உயர்வதுண்டு. ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரோரம் நிறுத்தி உயரத்தைக் குறித்து வைப்பது, பயிற்சியின் அளவை நிர்ணயிக்க எனக்குப் பேருதவியாக இருக்கிறது. பாதங்களும் கால்களும் முதலில் நீண்டு, உடற்பகுதி பின்னரே வளருமாதலால், சென்ற மாதம்வரை லாவகமாகப் பந்தைக் கடத்தியவன் இந்த மாதம் தன் கால்களிலேயே தடுக்கி விழுவான். அவனைச் சோம்பேறி என்று ஏசுவது அநியாயம். அத்தகைய பிள்ளைகளுக்கு நான் சிலாங்கூரின் கோல்காவலர் ஆர். ஆறுமுகத்தைப் பற்றிச் சொல்வேன். நீண்ட கரங்களால் ‘ஸ்பைடர்மேன்’ என்று பெயர் பெற்ற அவர், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்ஸுக்குத் தகுதி பெற்ற நம் தேசியக் குழுவில் இருந்தவர். நாடு அப்போட்டியைப் புறக்கணித்துவிட்டது வேறு விஷயம்.

இப்பருவத்தில் முழங்காலுக்குக் கீழேயும் குதிகாலிலும் வலி தோன்றுவது சகஜம். “எண்ணெய் போட்டு நீவினால் போகாதா, சார்?” என்று கேட்கும் தாய்மார்களுக்கு, தசைநார் பற்றியிருக்கும் இளம் எலும்பின் நுனி இன்னும் முதிராமல் இழுபடுவதால் வரும் வலி அது, ஓட்டத்தையும் குதிப்பதையும் சில வாரங்கள் குறைத்தாக வேண்டும், வீக்கமோ நொண்டலோ நீடித்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்று விளக்குவேன்.

திடலைச் சுற்றிச் சுற்றி ஓடவைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நால்வருக்கு நால்வராகச் சிறிய இடத்தில் ஆடவிட்டால், மூச்சும் வளரும், யுக்தியும் வளரும். ஃபிஃபா வகுத்த ‘11+’ என்னும் இருபது நிமிஷத் தயார்ப்பயிற்சியை வாரத்தில் இரண்டு முறையேனும் சிரத்தையாகச் செய்தால் காயங்கள் கணிசமாகக் குறையும். முறையாகச் சொல்லிக்கொடுப்பவர் அருகில் இருந்தால் பாரம் தூக்குவதாலும் வளர்ச்சி குன்றாது. குன்றும் என்பது வெறும் பயம்.

நம் நாட்டின் புழுக்கத்தில் ஐந்து மணிக்கு முன் பயிற்சி தொடங்குவது உசிதமன்று. அறுவடை முடிந்து வயல்களில் வைக்கோல் கொளுத்தும் நாட்களில், புகை திடலை எட்டினால், பயிற்சியையே நிறுத்திவிடுவேன். தாகத்துக்கு இனிப்புச் சீராப்பைவிடப் பச்சைத் தண்ணீரே மேல். முட்டை, நெத்திலி, பயறு, தெம்பே ஆகியவை தோட்டத்துக் குடும்பத்துக்கும் கட்டுப்படியாகும் புஷ்டியான ஆகாரங்கள். இவை எல்லாம் கிடைத்தும், கைப்பேசியோடு நள்ளிரவுவரை விழித்திருக்கும் பிள்ளைக்கு அவற்றின் பயன் முழுமையாகச் சேராது. பதின்ம வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேர நித்திரை அவசியமாதலால், பெற்றோர்களிடம் நான் முதலில் கேட்பது, பையன் எத்தனை மணிக்குப் படுக்கிறான் என்பதைத்தான்.