பிளாஸ்மாவுக்குப் போகும் வழி

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய ரீடிங்குகளைப் பார்த்தேன். ஒரே கரைசலை மூன்று முறை செலுத்தியிருக்கிறாய். மூன்றும் மூன்று உயரம். சர்வீஸுக்கு ஆள் கூப்பிடட்டுமா என்கிறாய். கொஞ்சம் பொறு அம்மா. கருவியின் பிளாஸ்மாவைக் குறை சொல்லும் முன், மாதிரி அதுவரை வரும் வழியை அளந்து பார்.

குழாயில் விட்ட 100 மைக்ரோலிட்டர் கரைசல் விட்டபடியே போய்ச் சேராது. நடுவில் ஓடும் திரவம் சராசரியைப் போல் இரு மடங்கு வேகம். சுவரை ஒட்டியது நகர்வதே இல்லை. மாதிரி முன்னும் பின்னும் இழுபடும். ஜெஃப்ரி டெய்லர் 1953-இல் கணக்குப் போட்டுக் காட்டியது இதைத்தான். அப்புறம், நெபுலைசர் தூவும் துளிகள் கடந்துபோகும் ஸ்ப்ரே சேம்பரும் தன் பங்குக்கு இழுக்கும்.

இந்த இழுபடலை அளக்க, ஒரு பிபிஎம் மாங்கனீசுக் கரைசலைத் தொடர்ந்து உறிஞ்சவிட்டு, சிக்னல் நிலைத்ததும் குறித்துக்கொள். பிறகு அதே கரைசலில் 100 மைக்ரோலிட்டரை மட்டும், ஓடுகிற நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் செலுத்து. எழும் உச்சியைக் குறி. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வருவது டிஸ்பர்ஷன் எண். டென்மார்க்கில் ருசிச்காவும் ஹான்சனும் வகுத்துத் தந்த அளவு. 2 வந்தால், உச்சியிலேயே மாதிரி பாதியாக நீர்த்துவிட்டது என்று பொருள்.

உச்சியின் உயரத்தோடு அதன் கீழுள்ள பரப்பையும் எழுது. பரப்பு ஒன்றாக இருந்து உயரம் மட்டும் மாறினால், தளர்ந்த இணைப்பையும் தேய்ந்த பம்ப் டியூபையும் பார். பரப்பும் மாறினால் நெபுலைசரையும் செலுத்திய அளவையும் சந்தேகி. குழாயை மாற்றும்போது விட்டத்தைக் கவனி: 1 மில்லிமீட்டர் உள்விட்டத்தில் ஒரு மீட்டர் குழாய் 0.8 மில்லிலிட்டர் கொள்ளும்; அரை மில்லிமீட்டரில் 0.2 தான்.

சிக்னல் இறங்குவதையும் விடாமல் பார். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு கிராமத்துக் கிணற்றில் பாதரசம் இருப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். முந்தைய ஸ்டாண்டர்டின் பாதரசம் சேம்பர் சுவரில் ஒட்டிக்கொண்டு மெல்லக் கசிந்துகொண்டிருந்தது. கழுவ நான் விட்ட நேரம் போதவில்லை. மூன்று நாள் அந்த ஊரார் கிணற்றைத் தொடவில்லை. மறுபடி சோதித்து, பிழை என்னுடையது என்று நேரில் போய்ச் சொன்னேன். அந்த முகங்கள் இன்னும் கண்ணில் நிற்கின்றன.

சிக்னல் நூறில் ஒரு பங்குக்கு எத்தனை விநாடியில் இறங்குகிறது, ஆயிரத்தில் ஒரு பங்குக்கு எத்தனை என்று தனிமம் தனிமமாக அள. மாங்கனீசுக்குப் போதும் நேரம் பாதரசத்துக்குப் போதாது. அதற்குக் கழுவும் அமிலத்தில் சிறிது தங்கக் கரைசல் சேர்.

திங்கட்கிழமை முதல் வேலையாக இந்த அளவீடுகளைச் செய். கிடைக்கும் எண்களை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டு எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
பெரியப்பா