கொள்ளைநோய்க் கணக்கைப் படிப்பது எப்படி?

2020-ஆம் ஆண்டு கொரோனாக் காலத்தில் நான் பள்ளி மாணவன். நாளிதழில் வரும் மாவட்டப் பட்டியலைத் தாத்தாவுக்குப் படித்துக் காட்டுவது என் வேலை. ஒருநாள் இறப்புத் தொகையை நோயாளர் தொகையால் வகுத்துப் பார்த்து, "அத்தை ஊரில் விகிதம் குறைவு, பாட்டியை அங்கே அனுப்பிவிடலாம்" என்றேன். வீட்டாரும் இசைந்தனர். இ-பாஸ் கிடைக்காததால் பயணம் நின்றது. இன்று புள்ளியியல் பயிலும்போதுதான் என் கணக்கின் பிழை விளங்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். இரண்டு மாவட்டங்களில் மக்கள்தொகை சமம். இரண்டிலும் 50 பேர் இறந்துள்ளனர். முதல் மாவட்டத்தில் சோதனையில் கண்டறியப்பட்டோர் 1,000 பேர் எனில் இறப்பு விகிதம் 5 விழுக்காடு. இரண்டாவதில் 5,000 பேர் எனில் 1 விழுக்காடே. ஆயின், இரண்டாவதில் நோயின் கொடுமை குறைவு என்று கூறலாமா? கூடாது. அங்கே சோதனைகள் மிகுதியாக நடந்திருக்கலாம். தொற்றியவருள் இளைஞர் மிகுந்திருக்கலாம். அன்றியும், இன்று நோயுற்றவர் இறக்க நேர்ந்தால், அது பெரும்பாலும் சில வாரங்கள் கழித்தே பட்டியலில் ஏறும். எனவே, தொற்று விரைந்து பரவத் தொடங்கும் ஊரில் விகிதம் முதலில் குறைவாகவே தோன்றும். பாட்டிக்கு நான் தேர்ந்த ஊரும் அத்தகையதாக இருந்திருக்கலாம்.

அடுத்து, நாளைக் கவனிக்க வேண்டும். 2020 ஜூலை 22 அன்று தமிழக அரசின் அறிக்கையில் 518 இறப்புகள் ஏறின. அவற்றுள் 444, சென்னையில் முன்னரே நிகழ்ந்து கணக்கில் விடுபட்டவை. மறு ஆய்வுக்குப் பின் அன்று சேர்க்கப்பட்டன.

வரையறையும் முக்கியமானது. தென்னமெரிக்க நாடான பெரு, 2021 மே மாத இறுதியில் தன் கொரோனா இறப்புத் தொகையை 69,342-இலிருந்து 1,80,764 ஆகத் திருத்தியது. எதைக் கொரோனா இறப்பாகக் கொள்வது என்ற விதி விரிவாக்கப்பட்டதே காரணம்.

ஆகவேதான் அறிஞர்கள், வழக்கமாக எதிர்பார்க்கும் இறப்புகளைவிட எத்தனை மிகுதி என்றும் கணக்கிடுகின்றனர். 2020, 2021 ஆகிய ஈராண்டுகளில் உலகில் இவ்வாறு மிகுந்தவை ஏறத்தாழ 1 கோடியே 49 லட்சம் என உலக சுகாதார நிறுவனம் 2022-இல் மதிப்பிட்டது. நாடுகள் அறிவித்திருந்தவையோ சுமார் 54 லட்சமே.

எனவே நண்பர்களே, இத்தகைய பட்டியலைக் கண்டால் நான்கு வினாக்களை எழுப்புங்கள்: எத்தனை பேரைச் சோதித்தனர்? நோயுற்றோர் எவ்வயதினர்? இறப்பு நிகழ்ந்தது எந்நாள்? எவ்விதிப்படி எண்ணினர்? விடை தெரியும்வரை ஓர் ஊரை நல்லதென்றோ தீயதென்றோ முடிவு செய்ய வேண்டா.

பாட்டி இன்றும் நலமாக இருக்கிறார். அதற்கு என் கணக்கு காரணமன்று.